வெந்த இட்லியும் மின்னூலும்

ஒரு மின்னூல் கோப்பை எடுத்து, பெயரின் வாலில் இருக்கும் 'ஈபப்' என்பதை அழித்துவிட்டு 'ஜிப்' என்று எழுதுங்கள். கணினி ஒருமுறை எச்சரிக்கும். பரவாயில்லை என்று திறந்தால், உள்ளே இருப்பது ஒரு சின்ன வலைத்தளம். அத்தியாயத்துக்கு ஒன்றாக வலைப்பக்கங்கள், எழுத்தளவையும் ஓரங்களையும் சொல்லும் ஒரு நடைக்கோப்பு, அட்டைப்படம், எதற்குப் பின் எது என்று வரிசை சொல்லும் ஒரு பட்டியல். கூடவே 'மைம்டைப்' என்ற பெயரில் ஒரே ஒரு வரி கொண்ட குட்டிக் கோப்பு. இந்த மூட்டை எந்த வகை என்று அறிவிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் மூட்டையில் அதுதான் முதலில் இருக்க வேண்டும், அதை மட்டும் சுருக்கக் கூடாது என்பது விதி. ஆர்வத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கித் திருப்பிக் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். சில கருவிகள் கண்டுகொள்ளாது. சில கருவிகள் திறக்கவே மறுக்கும்.

இதில் 'பக்கம்' என்ற ஒன்றே இல்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்தை வெட்டுவது படிக்கும் கருவியின் பொறுப்பு. சென்னையை அடுத்த நாவலூரில் ஓர் அடுக்கக வீட்டில் ஒரே நாவல் மூன்று இடத்தில் திறந்திருக்கலாம்: சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் மகளின் செல்பேசியில், கூடத்தில் தாத்தாவின் கிண்டில் படிப்பானில், அறையில் மருமகனின் மடிக்கணினியில். செல்பேசியில் 900 பக்கம் ஆவது கிண்டிலில் 400 ஆகும். தாத்தா எழுத்தைப் பெரிதாக்கினால் அது 600. மூன்றுக்கும் கோப்பு ஒன்றே.

பிடிஎஃப் இதற்கு நேர் எதிர். அதில் பக்கம்தான் எல்லாம். 'இந்த எழுத்து வடிவத்தை இடமிருந்து இத்தனை, கீழிருந்து இத்தனை தூரத்தில் வை' என்ற கட்டளைகளின் தொகுப்பு அது. எங்கே அச்சிட்டாலும் இம்மி பிசகாமல் வரும். அச்சுப் பக்கத்தை அப்படியே காக்கும் வடிவம். பத்தி எங்கே தொடங்குகிறது, இது தலைப்பா உரையா என்பதெல்லாம் பெரும்பாலான பிடிஎஃப்களில் எழுதப்பட்டிருக்காது. ஈபப் மாவு என்றால் பிடிஎஃப் வெந்த இட்லி. மாவிலிருந்து இட்லியும் ஊற்றலாம், தோசையும் வார்க்கலாம். இட்லியை மறுபடி மாவாக்கச் சொன்னால் என்ன செய்வது?

நம்மூரில் மின்னூல் பற்றிப் பேச்சு எடுத்தால் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது அதைத்தான். அண்டை வீட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மகனோடு நாவலூருக்குக் குடிவந்தவர். "சார், என் கட்டுரைத் தொகுப்பு பிடிஎஃப்பா இருக்கு. கிண்டில்ல போட்டா எறும்பு மாதிரி தெரியுது. ஒரு பட்டன அழுத்தினா மாத்திடலாம்னு பையன் சொல்றான்" என்றார். எறும்பாகத் தெரிவதற்குக் கணக்கு எளிது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலக் கிண்டில் திரையின் அகலம் ஏறத்தாழ 9. தாளில் 12 புள்ளி அளவில் இருக்கும் எழுத்து, திரைக்குள் அடங்கும்போது ஐந்து புள்ளியாகச் சுருங்கிவிடும்.

பையன் சொன்ன பட்டன் இருப்பதும் உண்மைதான். காலிபர் என்ற இலவச மென்பொருள் அது. சோனி நிறுவனம் 2006-ல் வெளியிட்ட மின்தாள் படிப்பான் லினக்ஸ் கணினியோடு ஒத்துழைக்கவில்லை. அமெரிக்காவின் கால்டெக்கில் ஆய்வு மாணவராக இருந்த கோவித் கோயல் என்ற இந்தியர், அதை ஒத்துழைக்க வைக்க எழுதிய நிரலே காலிபராக வளர்ந்தது. அது மாற்றும் முறை அழகானது. கிண்டிலின் மொபி வடிவத்தை ஈபப்பாகவோ, வேர்ட் கோப்பை மொபியாகவோ அது நேரடியாக மாற்றுவதில்லை. எது வந்தாலும் முதலில் வலைப்பக்கங்களாக உள்ளே பிரித்துப் போட்டுக்கொள்கிறது. பிறகு கேட்ட வடிவத்தில் கட்டித் தருகிறது. இருபது வடிவங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட நானூறு வழிகள் போட வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல் போதும். அதன் கையேடே பிடிஎஃப்பை மாற்றத்துக்கு மிக மோசமான மூலங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கே அந்த நிலை.

தமிழுக்கு வந்தால் கூத்து இன்னும் ஒரு படி மேலே. 'கொ' என்று கண்ணுக்குத் தெரிவதில் மூன்று துண்டு இருக்கிறது: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். யூனிகோடு குறியாக்கம் இதை நாம் உச்சரிக்கும் முறைப்படி சேமிக்கிறது. முதலில் ககரம், பின்னால் ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிறுத்துவது, ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவாக்க நிரல்கள் காட்டும் நேரத்தில் செய்யும் வேலை. பிடிஎஃப்பாக ஆகும்போது அந்த வேலை முடிந்துபோய்விடுகிறது. தாளில் நிற்கும் வரிசையில், கொம்பு முதலில், ககரம் நடுவில், கால் கடைசியில் எனப் பதிவாகிறது. அதை உருவி எடுத்தால் கொம்பு முன்னே துருத்திக்கொண்டு நிற்க, 'கொடுத்தான்' என்பது 'ெகாடுத்தான்' என்று வந்து விழும். பிடிஎஃப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொம்பு பழக்கப்பட்டதே.

அந்தத் தமிழாசிரியரின் தொகுப்பில் அந்தக் கொம்புகூட வரவில்லை. வந்தது சுத்தமான ஆங்கிலக் குப்பை. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பாமினி எழுத்துருவில் கோத்த புத்தகம் அது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிடிபி கடைகளில் நடந்தது என்னவென்றால், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் கட்டுவது. பாமினியில் ஜே விசையில் த, கே விசையில் ம, பி விசையில் இகரக் குறி, ஓ விசையில் ழ, அரைப்புள்ளியில் புள்ளி. ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் திரையில் 'தமிழ்' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவைக் கழற்றினால் வேடம் கலைந்துவிடும். வானவில் எழுத்துருவுக்கு ஒரு விசை வரிசை, பாமினிக்கு வேறொன்று, ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு குலதெய்வம்.

இதற்கு மாற்றிகள் உண்டு. சுரதாவின் பொங்குதமிழும் என்எச்எம் கன்வெர்ட்டரும் பல பதிப்பகங்களைக் கரையேற்றியவை. அவை எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு, முன்னால் நிற்கும் கொம்பைப் பிடித்து மெய்க்குப் பின்னால் கொண்டுபோகவும் செய்கின்றன. ஒன்றுதான் அவற்றால் முடியாதது: நடுவில் நிஜமாகவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் தமிழ் வேடம் என்று நினைத்து மாற்றித் தொலைக்கும். அப்படி ஆசிரியர் மேற்கோள் காட்டிய ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத தமிழ்ச் சொற்களாக முளைத்திருந்தன. அவற்றை மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்தச் சிக்கல்களை வெகு முன்பே சந்தித்துத் தாண்டியவர்கள் மதுரைத் திட்டத்தார். சுவிட்சர்லாந்தில் லொசான் நகரில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த குமார் மல்லிகார்ஜுனனும் 1998 பொங்கலன்று தொடங்கிய முயற்சி அது. முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்கள். அப்புறம் டிஸ்கி என்ற குறியாக்கம். அதிலும் கொம்பு முன்னால்தான். 2003 வாக்கில் யூனிகோடு. அதே நூல்களை வண்டி மாற்றி வண்டி ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற ஆண்டு 2010 என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தொண்டர்கள் முன்னே போக, அரசாணை பின்னே வந்தது.

இலக்கியங்களை உரையாக ஏற்றியது மதுரைத் திட்டம். கருவிகளுக்கேற்ற மின்னூலாகக் கட்டித் தருவதைப் பெரிய அளவில் கையில் எடுத்தவர்கள் 'கணியம்' நண்பர்கள் என்று சொல்வேன். கட்டற்ற மென்பொருளுக்காகக் 'கணியம்' மின்னிதழை 2012 ஜனவரியில் தொடங்கிய த. சீனிவாசனும் நண்பர்களும் 2013-ல் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிற நூல்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம், பகிரலாம். து. நித்யாவின் 'எளிய தமிழில்' கணினி நூல்களை இப்படித்தான் பல கல்லூரி மாணவர்கள் படித்தார்கள்.

அந்தத் தளத்தில் பெரும்பாலான நூல்களுக்குக் கீழே நான்கு கோப்புகள் இருக்கும். ஆண்ட்ராய்டு, ஆப்பிள், புது நூக் படிப்பானுக்கு ஈபப். புது கிண்டிலுக்கு மொபி. கணினிக்கு ஏ4 பிடிஎஃப். நான்காவது, பழைய கிண்டிலுக்கும் நூக்குக்கும் ஆறு அங்குலப் பிடிஎஃப். அந்த நான்காவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பழைய கருவிகளில் தமிழ் எழுத்துருவும் இல்லை, கொம்பை இடம் மாற்றும் நிரலும் இல்லை. கட்டம் கட்டமாகவோ, உடைந்த எழுத்தாகவோதான் தெரியும். சரி, கருவிக்குத் தெரியாததை நாமே முடித்து அனுப்புவோம் என்று, எழுத்துகளைக் கணினியிலேயே கோத்து, திரை அளவுக்கே பக்கம் வெட்டி அனுப்பினார்கள். பிடிஎஃப்பின் குறையையே மருந்தாக்கிய வைத்தியம்! எழுத்தைப் பெரிதாக்க முடியாதுதான். ஆனால் படிக்க முடிந்தது.

மொபி எதற்குத் தனியாக என்றால், அது அமேசானின் பிடிவாதம். மொபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை 2005-ல் வாங்கிய அமேசான், 2007 நவம்பரில் கிண்டிலை அந்த வடிவத்தோடு இறக்கியது. ஈபப் பொதுத் தரமானதும் அதே ஆண்டுதான். உலகம் ஒரு பக்கம், கிண்டில் ஒரு பக்கம். மொபியின் வேர் பாம் கையடக்கக் கருவிகளில் இருக்கிறது. உரையை 4096 பைட்டுத் துண்டுகளாக வெட்டிச் சுருக்குவது அங்கிருந்து வந்த வழக்கம். ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. யூனிகோடை வழக்கமாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. 4096 மூன்றால் மீதியின்றி வகுபடாது. ஆகவே வெட்டு நடு எழுத்தில் விழலாம். தலை ஒரு துண்டிலும் உடல் அடுத்ததிலும் கிடக்கும். அதைச் சரிக்கட்ட, அறுந்த எழுத்தின் மிச்சத்தைத் துண்டின் முடிவில் ஒட்டிவைக்கும் ஏற்பாடு மொபியில் செய்யப்பட்டது.

மூன்று பைட்டு என்றதும் தமிழ்க் கோப்புகள் பெருத்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட்டு ஒன்றே. இரண்டாவது பைட்டில் வருவதும் இரண்டே வகை. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில் ஜிப் கில்லாடி. தடித்த நாவலும் படமில்லாவிட்டால் சில வாட்ஸ்அப் புகைப்படங்களின் அளவுக்குள் அடங்கிவிடும்.

கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு. கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் வசதியில் ஈபப்பையும் ஏற்றுக்கொள்ள அமேசான் இறங்கிவந்தது 2022-ல். இப்போதும் ஈபப்பைக் கம்பியில் நேரடியாக ஏற்றினால் கிண்டில் திறக்காது. அனுப்பும்போது உள்ளே மாற்றிக்கொள்கிறது. ஆக, புதிதாக ஆரம்பிப்பவர் மொபியை மறந்துவிடலாம். ஈபப் ஒன்றைச் சரியாகச் செய்தால் போதும்.

'சரியாக' என்பதில் தமிழுக்கென்று சில உண்டு. வரிகளை இருபுறமும் சமன் செய்யாதீர்கள். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல் செல்பேசித் திரையில் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் மிஞ்சிய இரண்டு சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அச்சில் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். எல்லாப் படிப்பான்களும் அதைத் தமிழில் செய்யாது. இடப்பக்கம் மட்டும் சீராக விட்டுவிடுவது நல்லது. மொழி தமிழ் என்று கோப்பில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் வாசித்துக் காட்டும் செயலி எந்தக் குரலைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறும். அத்தியாயத் தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்கி விடாமல், தலைப்பு என்றே குறியிடுங்கள். பொருளடக்கம் அதிலிருந்துதான் முளைக்கிறது. வேர்டிலோ லிப்ரே ஆபீசிலோ இதைச் செய்துவைத்தால் மிச்சத்தைக் காலிபரும், ஈபப் திருத்தும் மென்பொருளான சிஜிலும் பார்த்துக்கொள்ளும்.

இந்த மென்பொருள்கள் பார்க்காத ஒன்று ஔகாரம். 'வௌவால்' என்று எழுத ஔகாரக் குறி ஒன்று போதும். பலர் 'வெ' அடித்து 'ள' அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடினால் கிடைக்காது. பார்வையற்ற வாசகருக்குச் செயலி அதை 'வெளவால்' என்று வாசித்துக் காட்டும். ஈபப்பின் கட்டமைப்பைச் சோதிக்கும் ஈபப்செக் நிரலிடம் கொடுத்தால் பிழை பூஜ்யம் என்று சான்றிதழ் தந்துவிடும். அதற்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

ஸ்கேன் செய்த நூல்களில் இத்தகைய பிழைகள் பன்மடங்கு. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்த நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் தமிழ் விக்கிமூலத்தில் ஏறியிருக்கின்றன. அவற்றைப் படத்திலிருந்து எழுத்தாக்க கூகுளின் எழுத்துணரியைப் பயன்படுத்தும் நிரலை எழுதியவரும் அதே சீனிவாசன்தான். எழுத்துணரிக்குக் காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பழைய ஈய அச்சு மங்கிய இடத்தில் ஒற்றுப்புள்ளி காணாமல் போகிறது. விக்கிமூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் நிறம் உண்டு: மெய்ப்பு பார்க்காதது சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் பார்த்து உறுதிசெய்தது பச்சை. நூலை ஈபப்பாக இறக்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. அது நிறம் பார்ப்பதில்லை. நீங்கள் அழுத்தும் அந்த நேரத்தில் பக்கங்களில் என்ன இருக்கிறதோ அதையே கட்டித் தருகிறது.