தேரி மணலும் தேசப் பாதுகாப்பும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பழையகாயல் என்னும் ஊர் இருக்கிறது. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் முதலியோர் கருதினர். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப் போய், கப்பல்களும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. 2009-ம் ஆண்டில் அங்கே புதியதொரு தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. கடற்கரை மணலிலிருந்து பிரித்த சிர்கான் என்ற கனிமத்திலிருந்து சிர்கோனியம் என்ற உலோகத்தைத் தயாரிப்பதே அதன் வேலை. ஆண்டுக்கு 250 டன் தயாரிக்கும் திறனுடன் அது அமைக்கப்பட்டது. நுண்துளைகள் நிறைந்து பஞ்சுபோல் காணப்படும் இவ்வுலோகம் ஹைதராபாத்துக்குச் சென்று மெல்லிய குழாய்களாக மாறுகிறது. அணு உலையில் யுரேனிய வில்லைகளைத் தன்னுள் அடக்கி நிற்பவை இக்குழாய்களே.

ஆகவே சிர்கோனியம் நாட்டின் பாதுகாப்போடு தொடர்புடைய பொருள். அதில் அயல்நாட்டார் முதலீடு செய்ய முன்வந்தால் அரசு விசாரித்தே தீர வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓடுகளின் வெண்ணிறப் பூச்சிலும் சிர்கான் இருக்கிறதே! வார்ப்படத் தொழிற்சாலைகளும் அதைப் பயன்படுத்துகின்றன. ஓடு செய்பவரையும் அணு உலைக் குழாய் செய்பவரையும் சட்டம் எப்படிப் பிரித்து அறியும்?

விடை இயற்பியலில் இருக்கிறது. இயற்கையில் சிர்கோனியம் தனியாக இருப்பதில்லை. ஹாஃப்னியம் என்ற தனிமம் இணைபிரியாத் தோழனாக அதனுடன் இருக்கும். ஏறத்தாழ 50 பங்கு சிர்கோனியத்துக்கு ஒரு பங்கு ஹாஃப்னியம். வேதியியல் குணங்களில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. நியூட்ரானை எதிர்கொள்ளும்போதுதான் வேற்றுமை தெரிகிறது. அணு உலையின் மெதுவான நியூட்ரான்களைச் சிர்கோனியம் பெரும்பாலும் போக விட்டுவிடும். ஹாஃப்னியமோ அவற்றை 500 மடங்குக்கும் அதிகமாக விழுங்கும். நியூட்ரான்கள் விழுங்கப்பட்டால் தொடர்வினை தளர்ந்துவிடும் அல்லவா? ஆகையால் உலைக்கு ஏற்ற சிர்கோனியத்தில் ஹாஃப்னியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது.

இந்த இரட்டையரைப் பிரிப்பது எளிதன்று. சிர்கோனியக் கரைசலை நைட்ரிக் அமிலத்தில் வைத்து, டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற கரிமக் கரைப்பானுடன் மீண்டும் மீண்டும் கலக்குகிறார்கள். சிர்கோனியம் கரைப்பானுக்குப் போகும். ஹாஃப்னியம் பெரும்பாலும் அமிலத்திலேயே தங்கிவிடும். பின்னர் சிர்கோனியத்தைக் குளோரைடாக்கி, மக்னீசியத்தைக் கொண்டு உலோகமாக ஒடுக்குவார்கள்.

சட்டம் எழுதியவர்கள் பற்றிக்கொண்டது இந்தப் பிரிவினையைத்தான். இந்திய அணுசக்தித் துறை 2006-ம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட பட்டியலில் சிர்கோனியத்தின் பெயர் வெறுமனே இடம்பெறவில்லை. 500 பங்கு சிர்கோனியத்துக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஹாஃப்னியம் உள்ள உலோகம், கலப்புலோகம், சேர்மம் என்றே அது வரையறுத்தது. இயற்கை விகிதம் 50-க்கு ஒன்று. உலையின் தேவை 10,000-க்கு ஒன்று. இடையில் 500 என்று ஒரு கோடு. யாரோ ஒருவர் முயன்று ஹாஃப்னியத்தைப் பிரித்தாலன்றி எவரும் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. ஓடு ஆலைக்காரர் நிம்மதியாக இருக்கலாம்!

தூத்துக்குடியிலேயே இதற்கு இன்னோர் உதாரணம் உண்டு. 1978-ல் உரத் தொழிற்சாலையை ஒட்டி அங்கே கனநீர் ஆலை தொடங்கப்பட்டது. கடல்நீரிலும் கனநீர் இருக்கிறது. ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியமாக இருக்கும். பட்டியலோ 5,000-க்கு ஒன்று என்ற விகிதத்தை மிஞ்சினால்தான் கட்டுப்பாடு என்கிறது. உப்பளத்துக்குப் பாய்ச்சும் நீர் சட்டத்தில் சிக்காமல் இருப்பது இந்த எண்ணின் புண்ணியம்.

முதலீட்டுக்கும் பாதுகாப்புக்கும் உள்ள தொடர்பை நம் தென்கோடிக் கரை நூறாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது. 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் துகள்களைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்நாளில் தெருவிளக்குகளின் காஸ் மேன்டில்களுக்குத் தோரியம் இன்றியமையாதது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. மணல் பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குட்பட்ட மண்ணில் இருந்தது. வியாபாரத்தின் பிடியோ ஜெர்மானியரிடம் இருந்தது. 1914-ல் போர் மூண்ட பிறகே பிரிட்டிஷார் விழித்துக்கொண்டனர். ஷாம்பர்க் கைதானார், ஜெர்மானியரின் பிடியும் அகற்றப்பட்டது. பணம் உள்ளே வந்த பிறகு விசாரிப்பதைவிட, வருமுன் விசாரிப்பது மேல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அதே பிரிட்டன் 2021-ல் முதலீட்டுச் சோதனைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தில், முன்கூட்டியே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய 17 துறைகளுள் ஒன்று ‘மேம்பட்ட பொருள்கள்’. கேட்க அழகாக இருக்கிறது; எது மேம்பட்டது? உலோகக் கலவைகள், பீங்கான் வகைகள், கூட்டுப் பொருள்கள், கிராஃபீன் என்று அதன் விளக்கம் பல பக்கங்களுக்கு நீள்கிறது.

நம் நாட்டில் 2020-ல் வெளியான அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கைத் தொகுப்பு, மேற்சொன்ன 2006-ம் ஆண்டுப் பட்டியலையே துணைக்கு அழைத்தது. பட்டியலில் உள்ள பொருள்களை வெட்டியெடுக்க அந்நிய முதலீடு கூடாது. டைட்டானியம் தரும் கனிமங்களில் வரலாம். ஆனால் அரசின் முன்அனுமதி வேண்டும், மதிப்புக் கூட்டும் ஆலையை இந்தியாவிலேயே அமைக்க வேண்டும்.

இங்கேதான் தேரி வருகிறது. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனவர்கள் அந்தச் செம்மணல் மேடுகளை அறிவார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு பெருமை உண்டு. 2015-ல் திருத்தப்பட்ட மத்திய கனிமச் சட்டத்தின் அட்டவணையில், கடற்கரை மணல் கனிமங்கள் என்பதற்கு ‘தேரி அல்லது கடற்கரை மணலில்’ கிடைப்பவை என்று விளக்கம் தந்திருக்கிறார்கள். டைட்டானியம் தரும் இல்மனைட், ரூட்டைல், உப்புத்தாள் செய்ய உதவும் கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் அதில் அடக்கம். எல்லாம் ஒரே மணலில் கலந்து கிடப்பவை. காந்தமும் மின்புலமும் கொண்டு பிறகு பிரிக்கலாம். தோண்டும்போது பிரிக்க முடியாது.

இல்மனைட்டும் ரூட்டைலும் அணுசக்திப் பட்டியலில் 2007 ஜனவரி முதல் நாளுக்கு மேல் நீடிக்காது என்று 2006-ம் ஆண்டு அறிவிப்பு கூறியது. ஆனால் இல்மனைட்டை அள்ளுபவரின் கையில் மோனசைட்டும் சேர்ந்தே வரும்! 2013-ல் தமிழக அரசு தூத்துக்குடி மாவட்டத்திலும் பிறகு வேறு மாவட்டங்களிலும் தனியார் மணல் எடுப்பதைத் தடை செய்தது. 2016-ம் ஆண்டு மத்திய விதி மற்றொரு கோடு போட்டது: மணலின் கன கனிமங்களில் மோனசைட் 0.75 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் படிவம் அரசு நிறுவனங்களுக்கே. 2019 பிப்ரவரியில் அந்த எண்ணை 0.00 என்று மாற்றினார்கள்.

இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிர்கோனியக் கோடு ஓட்டுத் தொழிலை வெளியே விட்டு, உலைத் தொழிலை மட்டும் பிடித்தது. 0.00 என்ற கோடோ மோனசைட் துளியேனும் உள்ள எல்லாப் படிவங்களையும், அவற்றோடு உப்புத்தாள் கார்னெட்டையும், அதை நம்பியிருந்த வேலைகளையும் சேர்த்தே பிடித்தது. மோனசைட் கழிவோடு கழிவாக வெளியேறிவிடும் என்ற அச்சம் நியாயமானது என்பதே என் எண்ணம். இருப்பினும் தேசப் பாதுகாப்புக்காகப் போட்ட எண் ஒரு கடலோரக் கிராமத்தின் கூலியையும் தீர்மானிக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

எண் என்றதும் அளவையும் வந்துவிடுகிறது. ஒரு டன் கன கனிமத்தில் 40 கிராம் மோனசைட் இருந்தால் அது 0.004 சதவீதம். இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் என்ன கிடைக்கும், அந்த மணல் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.