சிங்கம் கூண்டுக்குத் திரும்பாத இரவு

காணும் பொங்கலுக்கு வேன் பேசிக்கொண்டு ஆரணியிலிருந்து கிளம்புகிற நெசவாளர் குடும்பங்களுக்கு வண்டலூர் பழகிய இடம். செய்யாறு, காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் தாண்டினால் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அன்று அங்கே பல்லாயிரம் பேர் கூடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு புலி வெளியே வந்துவிட்டால் குழந்தைகளோடு எந்தப் பக்கம் போவது? சீட்டு வாங்கி உள்ளே போகும் நம்மில் பெரும்பாலோருக்கு விடை தெரியாது.

நடக்கவே நடக்காது என்று இதை ஒதுக்க முடியவில்லை. 2025 அக்டோபர் தொடக்கத்தில், வண்டலூர் சஃபாரிப் பகுதியில் திறந்துவிடப்பட்ட ஓர் இளம் ஆண் சிங்கம் மாலையில் இரைக்காகக் கூண்டுக்குத் திரும்பவில்லை. வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய ட்ரோன்களோடு ஊழியர்கள் தேடினார்கள். வேலியைத் தாண்டவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்று பூங்கா அறிவித்தது. சிங்கமும் தானாகவே திரும்பிவிட்டது. நல்லபடியாக முடிந்ததுதான். ஆனால் 602 ஹெக்டேரில் காடும் ஏரியுமாகப் பரந்து கிடக்கும் அந்தப் பூங்காவைச் சுற்றி நெடுங்குன்றமும் கொளப்பாக்கமும் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் வந்துவிட்டது. பூங்கா திறந்த 1985-ல் இருந்த வண்டலூர் அல்ல இது.

நம் நாட்டு உயிரியல் பூங்காக்களை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் கண்காணிக்கிறது. சுற்றுச்சுவர் இரண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது போன்ற விதிகள் உண்டு. ஆனால் சுவரை மட்டும் நம்பக்கூடாது. 2007 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் ஒரு பெண்புலி அகழியைத் தாண்டி வந்து, 17 வயதுப் பையனைக் கொன்றது. பிறகு அளந்து பார்த்தார்கள். சுவர் 12.5 அடிதான், இருந்திருக்க வேண்டியது 16.4 அடி. எத்தனையோ ஆண்டுகளாக அந்தச் சுவர் அப்படியேதான் நின்றிருந்தது.

விலங்கு தப்பியபின் செய்யவேண்டியவற்றில் முதலாவது, எது, எத்தனை என்று எண்ணுவது. ஆரணித் தறிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அறுந்த இழையை அப்போதே கண்டு பிணைத்தால் சேலை தப்பும். அடுத்தது, பார்வையாளர்களை வாசல் நோக்கி ஓடவிடாமல் பக்கத்தில் உள்ள கட்டடங்களுக்குள் சேர்த்துக் கதவடைப்பது. ஓடும் கூட்டத்தில் விலங்கைவிட நெரிசலே அதிகம் பேரைக் காயப்படுத்தும். மூன்றாவதுதான் துப்பாக்கி. மயக்க ஊசி பட்டதும் விலங்கு சாய்ந்துவிடும் என்று சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. உண்மையில் மருந்து வேலைசெய்யப் பல நிமிடங்கள் ஆகும். வலியில் மிரண்ட விலங்கு அதற்குள் என்னவும் செய்யும். ஆகவே மனித உயிர் ஊசலாடும்போது சுட்டுக் கொல்வதா என்ற கொடுமையான முடிவு வருகிறது. அதை யார் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நொடியில் மேலதிகாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இதிலெல்லாம் நம் பூங்காக்கள் தேறிவிடலாம். என் கவலை வேறு: ஊருக்கு உண்மையைச் சொல்வது. 2015 ஜூனில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரப் பூங்காவுக்குள் வெள்ளம் புகுந்து சிங்கம், புலி, நீர்யானை எல்லாம் தெருவுக்கு வந்தன. ஆபத்தான விலங்கு எதுவும் இனி வெளியே இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பியிருந்த நகரத்தில், ஒரு கிடங்குக்குள் பதுங்கியிருந்த புலி ஒருவரைக் கொன்றது. தவறான தகவலுக்காகப் பிரதமரே மன்னிப்புக் கேட்டார்.

சென்னையில் நடந்தது இதற்கு நேர்மாறு. அதே ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை என்று பண்ணை மறுக்க வேண்டியிருந்தது. 2023 மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர்ப் பக்கம் சாலையைக் கடந்த முதலையின் வீடியோ பரவியது. அந்தப் பக்கத்து ஏரிகளில் இயல்பாகவே முதலைகள் உண்டு, அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவம் உள்ளவை என்று வனத்துறைச் செயலாளர் விளக்கினார். இந்த விளக்கம் புயலுக்கு முன்பே அந்த மக்களிடம் போயிருக்க வேண்டும் என்பேன். வர்தா புயல் 2016-ல் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் பாடம் சொல்லியிருந்ததே!

ஜப்பானில் டோக்கியோவின் உயேனோ, தாமா பூங்காக்களில் ஊழியர் ஒருவர் விலங்கு வேடம் போட்டு ஓட, மற்றவர்கள் வலையோடு மடக்கி ஒத்திகை பார்க்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்து இங்கே சிரிக்கிறோம். ஆனால் அந்த ஒத்திகையில் வலை பிடிப்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் தன் இடம் எது என்று தெரிந்துவிடுகிறது. காணும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வண்டலூரிலும் இப்படி ஒன்று நடக்கட்டும். நெடுங்குன்றத்து இளைஞர்களையும் தாம்பரம் போலீசையும் சேர்த்து. சீட்டுக்குப் பின்புறம் அவசர எண்ணும், சைரன் கேட்டால் எந்தக் கட்டடத்துக்குள் போவது என்ற வரியும் அச்சாகட்டும்.

எங்களுக்குப் பக்கத்தில், கண்ணமங்கலம் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்தி பூங்காவில் புலி, சிங்கம் இல்லை. மானும் மயிலும் முதலையும் பார்க்கத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். ஒத்திகையைத் தொடங்க அதைவிடத் தோதான இடம் இல்லை. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் முதலைத் தொட்டியை யார் பார்ப்பது, அருவிப் பக்கம் நிற்கும் கூட்டத்தை யார் விலக்குவது என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்ட, பெரிய செலவும் ஆகாது.