ஒரே இரும்பு, இரண்டு பாலங்கள்

இங்கிலாந்தில் கோல்புரூக்டேலுக்கு அருகே செவர்ன் ஆற்றின் மேல் 1779இல் எழுந்த வார்ப்பிரும்புப் பாலம் இன்றும் நிற்கிறது. செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் 1846இல் ராபர்ட் ஸ்டீபன்சன் அமைத்த ரயில் பாலம், 1847 மே 24 அன்று ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே முறிந்து ஐந்து பேரைப் பலிகொண்டது. அதன் உத்திரங்களும் வார்ப்பிரும்புதான். இரண்டு பாலங்களிலும் ஒரு கண்ணின் அகலம் ஏறக்குறைய 30 மீட்டர். எனவே, எந்தப் பொருள் வலிமையானது என்று மட்டும் கேட்டுப் பாலம் கட்ட முடியாது. பாரம் அந்தப் பொருளை அமுக்குமா, இழுக்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

செவர்ன் பாலம் ஒரு வளைவு. மேலே ஏறும் பாரம் வளைவின் வழியே இறங்கிக் கரைகளை நெட்டித் தள்ளுவதால், அதன் இரும்பு பெரும்பாலும் அமுக்கப்படுகிறது. டீ பாலத்திலோ நேரான உத்திரங்கள். பாரம் ஏறியதும் உத்திரம் நடுவில் தொய்யும். அப்போது மேல்விளிம்பு நெருக்கப்படும், கீழ்விளிம்பு இழுபடும். வார்ப்பிரும்புக்குள் கரி நுண்ணிய செதில்களாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு செதிலும் ஒரு கீறலுக்குச் சமம். அமுக்கினால் கீறல் மூடிக்கொள்ளும், இழுத்தால் வாய் பிளக்கும். ஸ்டீபன்சன் இந்தக் குறையை அறியாதவர் அல்லர். இழுவையைத் தாங்கத் தேனிரும்புப் பட்டைகளைச் சேர்த்திருந்தார். ஆனால் அவற்றின் முனைகளை அதே வார்ப்பிரும்பு உத்திரத்திலேயே பிணைத்ததால் பெரிய பயன் இல்லை.

மாட்டையும் குதிரை வண்டியையும் தாங்கிய பாலத்தோடு ரயில் பாலத்தை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரயிலின் எடை பெரிது. போதாததற்கு, விபத்து நாளன்றுதான் பாதையில் புதிதாகச் சரளையும் கொட்டியிருந்தார்கள். பாரம் கூடினால் வளைவிலும் உத்திரத்திலும் விசை கூடத்தான் செய்யும். ஆனால் அது வார்ப்பிரும்பின் பலத்தின் மேல் விழுகிறதா, பலவீனத்தின் மேல் விழுகிறதா என்பதை வடிவம் முடிவு செய்கிறது. ரயில் தடம்புரண்டு மோதியதால்தான் உத்திரம் உடைந்தது என்றும் அன்று வாதிட்டார்கள். விசாரணை நடுவர்கள் அதை ஏற்கவில்லை; உத்திரத்தின் வலிமையே போதவில்லை என்றார்கள். 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் ஸ்டீபன்சன் இழுவையையும் தாங்கும் தேனிரும்புத் தகடுகளால் பெருங்குழாய்களை அமைத்தார்.

எஃகு இரண்டையும் தாங்குமே, இனி இந்தக் கேள்வி எதற்கு? அப்படித் தோன்றுவது இயல்பு. மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்தால் பிடித்து நிற்கும். இரு முனைகளிலும் அமுக்கினால் முறியும் முன்பே நெளிந்துவிடும். 1890இல் ஸ்காட்லாந்தில் திறந்த ஃபோர்த் பாலத்தைப் பாருங்கள். முழுக்க எஃகு. ஆனாலும் அமுக்கம் ஏறும் பெரிய உறுப்புகளை 12 அடி விட்டமுள்ள குழாய்களாகவும், இழுபடும் உறுப்புகளை மெல்லிய சட்டங்களைப் பின்னிய கட்டுகளாகவும் அமைத்திருக்கிறார்கள்.