ஆழ்கடல் கப்பலைக் கரையோரம் கொண்டு வந்தது ஏன்?

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள். பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹூவுக்குத் தெற்கே ‘எஹிமே மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. மாணவர்களுக்கு மீன்பிடித் தொழிலைக் கற்பிக்கும் பயிற்சிக் கப்பல் அது. உவாஜிமா மீன்வள உயர்நிலைப் பள்ளியைச் சேர்ந்த மாணவர்கள், ஆசிரியர்கள், மாலுமிகள் என 35 பேர் அதில் இருந்தனர். அப்போது கடலுக்கு அடியிலிருந்து வேகமாக மேலெழும்பிய ‘கிரீன்வில்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் அதன் அடிப்பகுதியில் மோதியது. பத்து நிமிடங்களுக்குள் எஹிமே மாரு மூழ்கிவிட்டது. 26 பேர் காப்பாற்றப்பட்டனர். இறந்துபோன ஒன்பது பேரில் நால்வர் உங்களைப் போன்ற பள்ளி மாணவர்கள், பதினேழு வயதினர்.

கப்பல் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் போய்த் தங்கியது. மறைந்தவர்களின் உடல்களையாவது மீட்டுத் தர வேண்டும் என்று குடும்பத்தினர் வேண்டினர். அமெரிக்கக் கடற்படை ஒரு விந்தையான முடிவுக்கு வந்தது. முக்குளிப்பவர்களைக் கப்பல் கிடக்கும் இடத்திற்கு அனுப்புவதில்லை. கப்பலையே அவர்கள் இறங்கக்கூடிய இடத்திற்குக் கொண்டு வருவது! கரையோரமாக, ஹொனலூலு விமான நிலையத்தை ஒட்டிய கடலில், 35 மீட்டர் ஆழமுள்ள ஓர் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இத்தனை பெரிய முயற்சி எதற்காக? விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. பார்ப்போமா?

அழுத்தத்தின் கணக்கு

கடல் மட்டத்தில் காற்று நம்மை ஒரு வளிமண்டல அழுத்தத்துடன் அழுத்துகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை என்று கொள்ளலாம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 35 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நாலரை வளிமண்டலம். 600 மீட்டரிலோ 61 வளிமண்டலம்!

அப்படியானால் கப்பல் அங்கே நசுங்கிப் போகாதா என்று கேட்பீர்கள். அதனுள் நீர் நிறைந்துவிட்டது. தகட்டின் உட்புறமும் வெளிப்புறமும் அழுத்தம் ஒன்றாகவே இருப்பதால் தகட்டுக்குத் தீங்கில்லை. நம் உடலின் தசையும் இரத்தமும் பெரும்பாலும் நீரே. அவையும் எளிதில் நசுங்குவதில்லை. தொல்லை தருவது நுரையீரலில் உள்ள காற்றுதான்.

1988ஆம் ஆண்டில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் முக்குளிப்பவர்கள், ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் மூன்றும் கலந்த வாயுவைச் சுவாசித்துக் கடலில் 534 மீட்டர் வரை இறங்கிப் பணி செய்தார்கள். அது ஒரு சாதனை. எஹிமே மாரு கிடந்ததோ அதற்கும் கீழே.

நீருக்குள்ளேயே ஒரு பயணம்

600 மீட்டர் ஆழத்தில், மேலிருந்து இயக்கப்படும் எந்திரங்களே வேலை செய்தன. கப்பலுக்கடியில் தாங்கிகளைப் பொருத்தி, கம்பி வடங்களால் அதைத் தூக்கினார்கள். ஆனால் நீருக்கு மேலே கொண்டு வரவில்லை. தூக்கும் கப்பலுக்கு அடியில், நீருக்குள்ளேயே தொங்கவிட்டபடி கரையை நோக்கி மெல்ல நகர்த்தினார்கள்.

இதற்குக் காரணம் ஆர்க்கிமிடீஸ் தத்துவம். ஒரு டன் எஃகு கடல் நீரில் அமிழ்ந்திருக்கும்போது, தான் விலக்கும் நீரின் எடையை இழந்து, 870 கிலோகிராம் போலவே தோன்றும். இதைவிட முக்கியமானது கப்பலுக்குள் நிறைந்திருக்கும் நீர். கடலுக்குள் இருக்கும் வரை அந்த நீரின் எடை வடங்களில் விழாது. கிணற்றில் வாளி இறைக்கும்போது கவனித்திருப்பீர்கள். வாளி நீருக்குள் இருக்கும் வரை கயிறு இலேசாக வரும். நீர்மட்டத்தைத் தாண்டியதும் கை கனக்கும். அதே கதைதான்.

கோலி சோடா தரும் பாடம்

2001ஆம் ஆண்டு அக்டோபரில் கப்பல் கரையோரம் வந்து சேர்ந்தது. மேலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி கடற்படையின் முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். 600 மீட்டரோடு ஒப்பிட்டால் இது ஆழம் குறைந்த இடம். ஆனால் இதுவும் எளிதன்று.

சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றும் வந்தால்தான் நெஞ்சு விரிய முடியும். எனவே 35 மீட்டரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இருப்பதைப்போல் நாலரை மடங்கு காற்று உள்ளே போகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இந்த ஆழத்தில் அது மூளையை மந்தமாக்கி, மது அருந்தியது போன்ற தடுமாற்றத்தை உண்டாக்கக்கூடும். இருட்டு, கலங்கிய சேறு, தொங்கும் கயிறுகள் இவற்றுக்கிடையே, குறுகிய அறைகளில் தேட வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு!

அடுத்த ஆபத்து மேலே வரும்போது. கோலி சோடாப் புட்டியைப் பாருங்கள். கோலி வாயை அடைத்திருக்கும் வரை நீரில் கரைந்த வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் குறைகிறது. குமிழிகள் பொங்கி எழுகின்றன. அழுத்தம் மிகுந்தால் நீர்மத்தில் வாயு மிகுதியாகக் கரையும், குறைந்தால் வெளியேறும் என்பது ஹென்றியின் விதி. ஆழத்தில் இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வந்தால் இப்படித்தான் குமிழிகளாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை, ஏன், மரணம் கூட நேரலாம்.

இதற்கு வழி கண்டவர் பிரிட்டிஷ் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆடுகளை வைத்துச் சோதனைகள் செய்து, படிப்படியாக நின்று நின்று மேலே வரும் முறையை 1908ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்த நாளில் வழக்கிலிருந்த அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி, ஏறத்தாழ இந்த ஆழத்தில் 15 நிமிடங்களுக்கு மேல் இருந்தால் நேராக மேலே வரக்கூடாது. இடையில் நின்று நைட்ரஜனை வெளியேற்றியாக வேண்டும்.

கடைசிப் பத்து மீட்டர்

ஆழம் குறைவாக இருந்தால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பாயில் விதியை நினைவுகூருங்கள்: அழுத்தம் பாதியானால் வாயுவின் பருமன் இரட்டிப்பாகும். 35 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு, அதாவது 25 மீட்டர் ஏறும்போது, காற்று இரண்டேகால் மடங்காக விரிகிறது. கடைசிப் பத்து மீட்டர் மட்டும் ஏறும்போதோ மீண்டும் இரண்டு மடங்கு! அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே ‘மூச்சை அடக்காதே, மெல்ல ஏறு’ என்பதே இவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம்.

இந்த விதிகளையெல்லாம் மதித்து, நாள்தோறும் இறங்கி, நவம்பர் தொடக்கத்திற்குள் ஒன்பது பேரில் எட்டுப் பேரின் உடல்களை மீட்டார்கள். ஜப்பானிய முக்குளிப்பவர்களும் இறங்கி இறுதியாக ஒருமுறை தேடினார்கள். ஒருவர் மட்டும் கிடைக்கவேயில்லை.

அந்த மாத இறுதியில் எஹிமே மாருவை மறுபடியும் ஆழ்கடலுக்குக் கொண்டு சென்று, ஏறத்தாழ 1,800 மீட்டர் ஆழத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அழுத்தம் எத்தனை வளிமண்டலம்? நீங்களே கணக்கிடுங்கள். அந்த விடையைப் பார்த்தால், அந்தக் கப்பலை இனி எந்த முக்குளிப்பவரும் தொட முடியாது என்பது விளங்கும். அந்த எட்டுக் குடும்பங்கள் தம் அன்புக்குரியவர்களைத் திரும்பப் பெற்றது, கப்பல் 35 மீட்டரில் கிடந்த அந்தச் சில வாரங்களில்தான்.