நொறுங்கத் தயாராகும் வண்டி

அமெரிக்காவின் கவுண்டி திருவிழாக்களில் பழைய கார்களை வேண்டுமென்றே மோதவிடும் போட்டி உண்டு. பெயர் டெமாலிஷன் டெர்பி. கடைசிவரை நகரும் காருக்கே பரிசு.

இதில் 1970களின் நீளமான ஸ்டேஷன் வேகன்களுக்குத் தனி மவுசு. காரணம், பின்பக்கம். ரேடியேட்டர் முன்னால் இருப்பதால், விவரமானவர்கள் ரிவர்ஸில் போய்த்தான் இடிப்பார்கள்.

களமிறங்குமுன் கண்ணாடிகளைக் கழற்றிவிடுவார்கள். பின்னாலிருக்கும் பெட்ரோல் டேங்க்கை எடுத்துவிட்டு, சின்ன டேங்க் ஒன்றை வண்டிக்குள், பின்சீட் இருந்த இடத்தில் இறுகக் கட்டுவார்கள். பேட்டரியும் உள்ளே வந்துவிடும். கதவுகளுக்குச் சங்கிலி அல்லது வெல்டிங். தீப்பிடித்தால் அணைக்க, பானட்டில் ஓட்டை.

டிரைவர் பக்கக் கதவில் மட்டும் மோதக் கூடாது.

1964 முதல் 1966 வரை வந்த கிரைஸ்லர் இம்பீரியலுக்கோ பல போட்டிகளில் அனுமதியே இல்லை. அவ்வளவு கெட்டி!