உங்களுக்குத் தெரியுமா? உயிரைத் தொடும் சத்துக்குறை

வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும் என்பது பலரும் அறிந்தது. அதே குறை குழந்தையின் உயிரையும் பறிக்கும் என்பதற்கு வலுவான சான்று தந்தவர்கள் மதுரைக்காரர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் குழு, திருச்சிப் பகுதியில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அன்றாட உணவிலேயே கிடைக்கக்கூடிய அளவுதான். அவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்தது! குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்படலத்தைக் காக்க இந்தச் சத்து உதவுகிறது; அது குன்றினால் சாதாரண வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் எமனாகின்றன.

உத்தரப் பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெரிய பலன் தெரியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே தந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு. இங்கே வாராவாரம் சிறிதளவு. மேலும், குறை எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கே மருந்தின் பலன் தெரியும். இச்சத்தை அன்றாட உணவிலேயே சிறிது சிறிதாகப் பெறலாம்; ஆகவே அதைத் தரும், மதுரை வட்டாரத்துக் கொல்லைகளில் தழைக்கும் முருங்கைக்கீரையை நான் மாத்திரைக்கு முன்னே வைப்பேன். இச்சத்து கொழுப்பில் கரைவது. கீரையை எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடலில் நன்றாகச் சேரும்.