பெடலும் ஷூவும் ஒரே சாக்கெட்டா? ஆர்டர் செய்யும் முன் பாருங்கள்

வீட்டிற்குப் புதிதாக கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டால், அடுத்து வருவது கூரியர் பார்சல்தான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி எது வேண்டுமானாலும் மூட்டைக் கணக்கில் கிடைக்கும். ரோடு சைக்கிளுக்கான கிளிப்லெஸ் பெடல் கிடைக்காது. எனவே இணையத்தில் ஆர்டர் செய்தேன். பெடல் ஒரு கடையில், ஷூ வேறு கடையில். இரண்டுமே நல்ல பொருட்கள்தான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. பெடலுடன் வந்த கிளீட்டிற்கு ஷூவில் இரண்டு திருகு இடம் வேண்டும். என் ஷூவின் அடியில் இருந்ததோ மூன்று துளைகள். இன்டெல் மதர்போர்டில் ஏ.எம்.டி. ப்ராசசரைப் பொருத்த முயன்ற கதைதான். கம்ப்யூட்டரில் இந்தத் தவறை வேறு யாராவது செய்திருந்தால் சிரித்திருப்பேன்.

பெயரே குழப்பும். கிளிப்லெஸ் என்கிறார்கள், ஆனால் கால் பெடலில் மாட்டிக்கொள்கிறது! முன்பெல்லாம் ரேஸ் வீரர்கள் பெடலில் கூண்டு போன்ற கிளிப்பையும் வாரையும் கட்டி அதற்குள் காலை நுழைப்பார்கள். அந்தக் கிளிப் இல்லாததால் இந்தப் பெயர். பனிச்சறுக்கு பைண்டிங் தயாரித்து வந்த பிரான்ஸின் லுக் நிறுவனம், அதே நுட்பத்தில் 1984ல் இதை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பெர்னார்ட் ஹினோ இந்தப் பெடலுடன் டூர் டி பிரான்ஸ் போட்டியை வென்றார். ஷிமானோவின் எஸ்.பி.டி. 1990ல் வந்தது.

ஷூவின் அடியில் பொருத்தும் துண்டுதான் கிளீட். இதில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள் உண்டு. எஸ்.பி.டி. என்பது இரண்டு திருகுள்ள சிறிய இரும்புத் துண்டு. ஷூவின் அடிப்பகுதிக்குள் பதிந்திருப்பதால் டீக்கடை வரை சாதாரணமாக நடக்கலாம். ஷிமானோ எஸ்.பி.டி-எஸ்.எல்., லுக் கியோ ஆகியவை மூன்று திருகுள்ள பெரிய பிளாஸ்டிக் கிளீட்கள். ஷூவுக்கு வெளியே துருத்தி நிற்கும். நடந்தால் வழுக்கும், தேயும். இங்கே ஒரு எச்சரிக்கை. மூன்று துளை ஷூவில் இந்த இரண்டு கிளீட்களையுமே பொருத்தலாம்; ஆனால் கியோ கிளீட் எஸ்.பி.டி-எஸ்.எல். பெடலில் மாட்டாது. துளை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பெடலின் பெயரும் சரியாக இருக்க வேண்டும்.

எனவே கடைப் பக்கத்தில் ஷூவின் அடிப்புறப் படத்தைக் கிளிக் செய்து பெரிதாக்கித் துளைகளை எண்ணுங்கள். அடிப்புறப் படம் இல்லாத பக்கத்தில் வாங்க வேண்டாம். அடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் பெடலின் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடி, மேனுவலை பி.டி.எப். கோப்பாக டவுன்லோட் செய்யுங்கள். கன்ட்ரோல் + எப் அழுத்தி, கிளீட்டின் எண்ணை டைப் செய்தால் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். நான் செலவழிக்காத ஐந்து நிமிடம் இதுதான். ஷூவைத் திருப்பி அனுப்பிய செலவு என் தலையில்.

மாட்டிய நிலையிலும் குதிகால் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். இதை ஃப்ளோட் என்பார்கள். அசைவே இல்லாவிட்டால், கிளீட் சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்தச் சுமை முழங்காலுக்குப் போகும். எஸ்.பி.டி-எஸ்.எல்.லில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி, நீலம் 2 டிகிரி அசையும், சிவப்பு அசையவே அசையாது. புதியவர்களுக்கு மஞ்சள். கியோவில் நிறக்கணக்கு வேறு: சிவப்பு 9, சாம்பல் 4.5, கறுப்பு 0. ஒரு நிறுவனத்தின் சிவப்பை நினைத்துக்கொண்டு மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

மேலே இழுத்தும் மிதிக்கலாம், சக்தி கூடும் என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். அதை அதிகம் நம்ப வேண்டாம். வடகாடு வழியாகப் பாச்சலூர் ஏறும்போது நான் கண்ட பயன், வியர்வையிலும் மழையிலும் கால் நழுவாமல் ஒரே இடத்தில் இருப்பதுதான்.

இனி, விழுவது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கால் விடுபடும். தெரிந்தும், இரண்டாம் நாளே மார்க்கெட் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்க, பிரேக் பிடித்தேன், காலை மேலே இழுத்தேன், வரவில்லை. அப்படியே இடப்பக்கம் சாய்ந்தேன். டிரைவர் பார்த்து நிறுத்தியதால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே ஒரு காலை விடுவித்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். எஸ்.பி.டி. பெடலில் உள்ள டென்ஷன் திருகை 3 மி.மீ. ஆலன் கீயால் மிகத் தளர்வாக வையுங்கள். ஷிமானோவின் எஸ்எச்56 கிளீட் போட்டால் பல திசைகளில் கால் விடுபடும். பெடலுடன் வழக்கமாக வருவது எஸ்எச்51, அது பக்கவாட்டில் மட்டுமே விடும்.

அடிக்கடி காலை ஊன்ற வேண்டிய நம் ஊர்ச் சாலைகளுக்கு என் ஓட்டு எஸ்.பி.டி.க்குத்தான். பிடி-இஎச்500 போல ஒரு பக்கம் கிளிப்லெஸ், மறுபக்கம் சமதளம் உள்ள பெடல் என்றால் இன்னும் நல்லது. செருப்போடு மருந்துக்கடைக்கும் போய் வரலாம்.

பார்சல் வந்ததும் பெடல்களில் எல், ஆர் எழுத்துகளைப் பாருங்கள். மரையில் கிரீஸ் தடவுங்கள். வலது பெடல் கடிகார முள் திசையில் ஏறும், இடது பெடல் அதற்கு எதிர்த் திசையில். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். இறுகினால் ஸ்பேனரை எடுக்காமல், கழற்றி மீண்டும் நேராக வைத்துத் தொடங்குங்கள்.